பிரெஞ்சு நாவல்களில் கைகளைத் தவறாகப் படிக்காமல் இருக்க

ஒருவன் இருட்டில் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கிறான். அவள் இழுத்துக்கொள்கிறாள். மறுபடியும் பிடிக்கிறான். கடைசியில் அந்தக் கை அவனிடமே தங்கிவிடுகிறது. காதல் காட்சி என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஸ்தாந்தாலின் 'சிவப்பும் கறுப்பும்' (1830) நாவலில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஜூலியன் சொரேல் மரம் அறுக்கும் ஆளின் மகன். மேயர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையில் இருக்கிறான். முந்தின நாள் மாலை பேச்சு சுவாரசியத்தில் கையை வீசியபோது, மேயரின் மனைவி மதாம் த ரெனாலின் கையில் பட்டுவிட்டது. அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஜூலியனுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிடுகிறது. அந்தக் கையைத் தன் பிடியில் நிற்கவைப்பது தன் கடமை என்று நினைக்கிறான். ஆசை என்று நினைக்கவில்லை, கவனியுங்கள், கடமை. மறுநாள் இரவு மணி பத்து அடிக்கும்போது செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அறைக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு சாக வேண்டும் என்று தனக்குத்தானே கெடு வைக்கிறான். அடித்து ஓய்வதற்குள் பிடித்தும் விடுகிறான். அந்தக் கை சில்லிட்டுக் கிடக்கிறது. அவனுக்கு ஆனந்தம் பொங்குகிறது. அவளை நேசித்ததால் வந்த ஆனந்தம் அல்ல, பெரிய சித்திரவதை ஒன்று முடிந்ததால் வந்தது என்று கதைசொல்லியே சொல்லிவிடுகிறார்.

அப்படியானால் இந்தக் காட்சியில் காதலே இல்லையா? இருக்கிறது, வேறு கையில். கொஞ்ச நேரம் கழித்துக் காற்றில் ஒரு பூந்தொட்டி சாய்கிறது. அதை நிமிர்த்த உதவுவதற்காக மதாம் த ரெனால் கையை விடுவித்துக்கொண்டு எழுகிறாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும், ஏற்கெனவே பேசி வைத்ததுபோல, கிட்டத்தட்ட எந்தத் தயக்கமும் இல்லாமல் கையை அவனிடம் கொடுத்துவிடுகிறாள். என்னைக் கேட்டால் அந்த அத்தியாயத்தின் உயிரே இந்த ஒரு வரிதான். பிடிக்கிற கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

இன்னொரு தவறு, இன்றைய பழக்கத்தை வைத்து அந்தக் காலத்துக் கையை அளப்பது. ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'யில் (1857) மருத்துவரின் மனைவியான நாயகி எம்மாவை மனதுக்குள் நேசிக்கும் இளைஞன் லெயோன், ஊரைவிட்டுப் போகும்போது அவளிடம் கை நீட்டுகிறான். நமக்கு அது சாதாரண வழியனுப்பல். அவளோ தயங்குகிறாள். பிறகு, "சரி, ஆங்கிலேயர் பாணியில்" என்று சிரிக்க முயன்றபடி கையைக் கொடுக்கிறாள். ஆணும் பெண்ணும் கைகுலுக்குவது அங்கே வெளிநாட்டு வழக்கமாகவே தெரிந்தது. அந்த வழக்கத்தைச் சாக்காக வைத்துத்தான் இருவரும் ஒரு கணம் தொட்டுக்கொள்கிறார்கள். லெயோனுக்கோ தன் உயிரே அந்த ஈர உள்ளங்கைக்குள் இறங்குவதுபோல் இருக்கிறது. கைகுலுக்கல்தானே என்று தாண்டினால், அதற்கு முந்தைய பக்கங்களில் இருவரும் விழுங்கிய பேச்சு எல்லாம் வீணாகிவிடும்.

பரத முத்திரைபோல இன்ன அசைவுக்கு இன்ன பொருள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு படிப்பதும் உதவாது. பால்சாக்கின் இரண்டு கிழவர்களைப் பாருங்கள். இருவருமே சாகும் தறுவாயில் கையை நீட்டுகிறார்கள். மகள்களுக்காக எல்லாவற்றையும் இழந்த கோரியோவின் கைகளுக்கு, படுக்கையின் இரு பக்கமும் நிற்கும் மாணவர்களின் தலைகள் தட்டுப்படுகின்றன. மகள்கள் வந்துவிட்டதாக எண்ணித் தலைமயிரை இறுகப் பற்றிக்கொள்கிறார். அப்போது மகள்கள் வந்திருக்கவில்லை. கஞ்சன் கிராண்டேயின் உதட்டருகே பாதிரியார் பொன்முலாம் பூசிய சிலுவையைக் கொண்டுபோகிறார், முத்தமிடட்டும் என்று. கிழவரின் கை அதைப் பறிக்கப் பாய்கிறது, அந்த முயற்சியிலேயே உயிர் போகிறது. ஒன்று பாசம், மற்றொன்று உலோகத்தின் மேல் வெறி. அசைவு ஏறக்குறைய ஒன்றேதான்.

ஆசிரியர் வேண்டுமென்றே மூடாமல் விட்டதை நாம் மூடிவிடுவதும் உண்டு. மறுபடியும் 'மதாம் பொவாரி', இந்த முறை விவசாயக் கண்காட்சி. வெளியே மேடையில் எருவுக்கும் பன்றிக்கும் பரிசு அறிவிக்கிறார்கள். ஊர்மன்றத்து மாடியில், எம்மாவை வசப்படுத்த நினைக்கும் ரொடோல்ஃப் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு காதல் வசனம் பேசுகிறான். அவள் விரல்கள் அசைகின்றன. விடுவித்துக்கொள்ள முயன்றாளோ, பதிலுக்கு அழுத்தினாளோ என்று இரண்டையும் சொல்லிவிட்டு ஃப்ளோபேர் ஒதுங்கிக்கொள்கிறார். உடனே ரொடோல்ஃப், என்னைத் தள்ளிவிடவில்லை, நன்றி என்று குதிக்கிறான். "எம்மா சம்மதித்துவிட்டாள்" என்று நாமும் எழுதினால், அது ரொடோல்ஃபின் தீர்ப்பு. எம்மாவின் மனம் அந்த வாக்கியத்தில் இல்லை.

இதே அத்தியாயத்தில் இன்னொரு ஜோடிக் கைகள் வருகின்றன. அவசரத்தில் படிப்பவர்கள் அதைத் தாண்டிவிடுகிறார்கள். கத்தரின் லெரு என்ற கிழவி, ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் வேலை செய்ததற்காக 25 பிராங்க் மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம் வாங்க மேடையேறுகிறாள். களத்துத் தூசியும் சலவைக் காரமும் கம்பளிப் பிசுக்கும் ஏறி, கழுவிய பிறகும் அழுக்காகத் தெரியும் கைகள். உழைத்து உழைத்து முழுதாக மடங்காமல் பாதி திறந்தே நிற்கின்றன. பட்ட துன்பத்துக்குத் தாமே சாட்சி சொல்ல நீட்டியதுபோல, என்கிறார் ஃப்ளோபேர். அவள் பார்வையில் துக்கமும் இல்லை, நெகிழ்வும் இல்லை; பதக்கம் கைக்கு வந்த பிறகுதான் முகத்தில் பரவசப் புன்னகை ஒன்று பரவுகிறது. ரொடோல்ஃபின் பிடிக்குள் படபடத்த கையைப் படித்த சூட்டோடு இதைப் படிக்கும்போது, அந்த மாடி வசனத்தின் விலை என்ன என்று தெரிந்துவிடும்.

யாருடைய கண்ணில் கை தெரிகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மவர்களுக்கு 'ஏழை படும் பாடு' என்று அறிமுகமான ஹ்யூகோவின் நாவலில் (1862), இருட்டில் தண்ணீர் வாளி சுமக்கும் சிறுமி கோசெத்துக்குச் சட்டென்று பாரம் இல்லாமல் போகிறது. ஒரு பிரம்மாண்டமான கை வாளியின் பிடியைப் பற்றியிருக்கிறது. அந்தக் கைக்கு உரிய ழான் வல்ழான் பலசாலிதான், ஆனால் அந்தப் பிரம்மாண்டம் குழந்தையின் கண்ணுக்குத் தெரிந்த அளவு.

கையைத் தவறாகப் படிப்பதையே கதையாக்கியவர் எமில் ஸோலா. 'தெரேஸ் ரக்கேன்' (1867) நாவலில் மருமகள் தெரேஸும் அவள் காதலன் லோரானும் சேர்ந்து மகன் கமீயை ஆற்றில் மூழ்கடித்ததைத் தாய் மதாம் ரக்கேன் அறிந்துகொள்கிறார். அதற்குள் பக்கவாதம் வந்து உடல் முழுதும் முடங்கிவிட்டது, கண்கள் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன. ஒரு வியாழக்கிழமை இரவு, டாமினோ ஆட நண்பர்கள் கூடியிருக்கும்போது, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி விரலால் மேசைமேல் எழுதத் தொடங்குகிறார். "தெரேஸும் லோரானும்" என்பது வரை வந்துவிடுகிறது. குற்றவாளிகள் இருவருக்கும் ரத்தம் உறைகிறது. அதற்குமேல் விரல் நகரவில்லை. அந்த அம்மாளின் மனதில் ஓடுவதெல்லாம் தனக்குத் தெரியும் என்று எப்போதும் பெருமை பேசும் கிரிவே என்ற நண்பர், மீதி வாக்கியத்தைத் தானே முடித்துவைக்கிறார்: "என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள்." எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அந்த மேசையில் ஓய்வுபெற்ற போலீஸ் கமிஷனர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்.