மூலை தூக்கிய களிமண் பலகை

பாரிஸ் யுனெஸ்கோ வளாகத்தில் ஸ்பெயின் ஓவியர் ஜோன் மீரோ வடிவமைத்து, 1958-இல் மட்பாண்டக் கலைஞர் ஆர்டிகாஸ் சுட்டுக் கொடுத்த பீங்கான் சுவர்களின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அப்படியொன்று செய்ய ஆசை. தடித்த கருங்கோடு, பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான்.

அரை மீட்டர் நீளத்துக்கு ஒரே பலகையாக உருட்டினேன். மூன்றாம் நாள் நான்கு மூலைகளும் காய்ந்த இலை மாதிரி மேலே சுருண்டுவிட்டன. கயிறு மாதிரி உருட்டி மேலே ஒட்டிய மண்திரியின் அடியில் மயிரிழை விரிசல் வேறு. மனசே விட்டுப்போச்சு.

ஓரம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, நடுப்பகுதி ஈரமாகவே இருக்கிறது. சிக்கல் அதுதான். அடுத்த தடவை சுட்ட மண்பொடி கலந்த களிமண் எடுத்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனில், இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு உருட்டினேன். திரிகளைப் பலகை ஈரமாக இருக்கும்போதே கீறி, மண்கூழ் தடவி ஒட்டினேன். அப்புறம் ஓரங்களை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு வாரம் மெதுவாகக் காயவிட்டேன்.

முக்கியமான மாற்றம் இன்னொன்று: பலகையை ஆறு துண்டாக வெட்டினேன், சதுரமாக அல்ல, கருங்கோட்டின் வளைவிலேயே. சுவரில் மாட்டியபோது துண்டுகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியும் அந்தக் கோட்டோடு சேர்ந்துகொண்டது.