கீசர் தொழிலோடு சோலார் பேனல் பொருத்தும் பணியையும் சேர்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் பகுதிகளில் கீசர் பொருத்தியும் பழுது பார்த்தும் தொழில் நடத்தும் நம்மவர்கள் பலரிடம், மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளிலிருந்தே வாடிக்கையாளர்கள் சோலார் பேனலைப் பற்றிக் கேட்டு வருகிறார்கள். அந்த வேலையையும் எடுத்துச் செய்ய விரும்புவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். வீட்டில் மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும் கருவி பெரும்பாலும் கீசர்தான் என்பதால், அதை நன்கு அறிந்தவரே அந்த வீட்டிற்கு எத்தனை பேனல் தேவை என்பதைச் சரியாகச் சொல்லத் தகுந்தவர் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உரிமம். குழாய்ப் பணிக்கு நீங்கள் பெற்றிருக்கும் தகுதி மின்பணிக்குச் செல்லாது. 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகளின்படி, வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையில் பதிவு செய்த மின் ஒப்பந்ததாரரே வீட்டு மின்பணியை ஏற்க முடியும். பதிவு பெற்ற மின்பணியாளர் மட்டுமே வீட்டு மின்கம்பியமைப்புக்கான தென்னாப்பிரிக்கத் தரமான சான்ஸ் 10142-1இன்படி சோதித்து இணக்கச் சான்றிதழ் வழங்க முடியும். ஆகவே அத்தகைய ஒருவரைப் பணியில் அமர்த்துங்கள், அல்லது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பதிவு ஒருமுனை மின்சாரத்திற்கு மட்டும் உரியது என்றால், மும்முனை இணைப்புள்ள வீடுகளை ஏற்க வேண்டாம். உங்கள் ஆட்களுக்கு, சோலார் பொருத்துவோருக்கான பிவி கிரீன்கார்ட் பயிற்சி அளிப்பதும் நல்லது.

அடுத்தது கணக்கு. பேனல் விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன் கீசரைப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் அதற்கு இரண்டேகால் மணி நேரத்திற்கு மேல் ஓட வேண்டும். அந்தக் குடும்பத்தினர் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் கீசரைப் போடுகிறார்கள் என்றால், கூரை முழுவதும் பேனலை அடுக்கினாலும் அந்த 7 யூனிட்டில் பெரும்பகுதி பேட்டரியிலிருந்தோ நகராட்சி மின்சாரத்திலிருந்தோதான் வரும். டைமர் ஒன்றைப் பொருத்தி, காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை கீசர் ஓடும்படி மாற்றிவிட்டு, தொட்டிக்கும் சுடுநீர்க் குழாய்க்கும் வெப்பக்காப்பு உறை போட்டுவிட்டால், அதே வேலையைச் சிறிய அமைப்பும் சிறிய பேட்டரியும் செய்துவிடும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று வெப்பநிலையை 60 பாகைக்குக் கீழே நிரந்தரமாகக் குறைத்து வைக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில், நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்தால் அதற்கான மின்செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் தாங்கும் பக்கத்தில் கீசரை ஒருபோதும் இணைக்காதீர்கள், ஏனெனில் அது ஒன்றே பேட்டரியை விரைவில் காலி செய்துவிடும்.

மூன்றாவது கூரை. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்பவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே பேனல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும், தென்கோளத்தில் உள்ள நமக்கோ வடக்கு நோக்கி இருக்க வேண்டும். டர்பன் ஏறத்தாழ 30 பாகைத் தென் அகலாங்கில் இருப்பதால் சாய்வும் அதையொட்டி இருந்தால் சிறப்பு. ஆயினும் ஓட்டுக்கூரையின் சாய்வு சற்றுக் குறைந்தாலும் இழப்பு மிகச் சிறியதே. பேனலைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகளை ஓடு தாங்கும் மெல்லிய சட்டங்களில் அல்லாமல், கூரையின் முதன்மை மரச்சட்டங்களிலேயே திருக வேண்டும். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று சாதாரண ஆணிகளை விரைவில் அரித்துவிடும் என்பதால் 316 தரத் துருப்பிடிக்காத எஃகையே பயன்படுத்துங்கள். பழைய வீடுகளில் கல்நார்த் தகடு வேய்ந்த கூரை இருந்தால் அதில் துளையிடாதீர்கள். அதற்கெனத் தனி விதிகளும் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்களும் உள்ளனர்.

பேனல்களைத் தொடராக இணைக்கும் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதனோடும் இணைக்காதபோது அது தரும் மின்னழுத்தம்) 50 வோல்ட், இன்வெர்ட்டரின் உச்சவரம்பு 500 வோல்ட் என்றால், பத்துப் பேனல் சரியாகப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் தகட்டில் எழுதியிருக்கும் அந்த அளவு 25 பாகைக்கு உரியது; குளிரில் மின்னழுத்தம் உயரும். குறையும் ஒவ்வொரு பாகைக்கும் 0.27 விழுக்காடு என்று கொண்டால், 10 பாகைக் காலையில் ஒரு பேனல் 52 வோல்ட்டாகி, பத்துக்கும் சேர்த்து 520 வோல்ட் இன்வெர்ட்டருக்குள் பாயும். எனவே ஒன்பதே போதும். ஜோகன்னஸ்பர்க் போன்ற உயர்நிலப் பகுதிகளில் உறைபனி வெப்பநிலையை வைத்தே கணக்கிட வேண்டும்.

கீசர் வேலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் கம்பியில் மின்சாரம் இருக்காது. பேனலில் அப்படியல்ல, வெளிச்சம் படும் நேரமெல்லாம் அது மின்னழுத்தம் தந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் ஓடும்போது பேனல் கம்பிகளை இணைக்கும் எம்சி4 இணைப்பியைப் பிரித்தால் அணையாத மின்பொறி எழும், ஆகையால் முதலில் டிசி ஐசோலேட்டரை (பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணையுங்கள். ஏசி பிரேக்கரை டிசி பக்கத்தில் பயன்படுத்துவதும், இரு வேறு நிறுவனங்களின் இணைப்பிகளைப் பொருந்துகிறதே என்று ஒன்றோடொன்று செருகுவதும் தீ விபத்திற்கு வழிவகுக்கும். இணைப்பியின் உள்முனையை உரிய கிரிம்பரால் (முனையைக் கம்பியோடு நசுக்கிப் பிணைக்கும் கருவியால்) அழுத்தி, ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும்வரை உள்ளே தள்ளி, பின்னர் மெல்ல இழுத்துப் பாருங்கள். உயரத்தில் ஏறுவோர் அனைவரும் பாதுகாப்புக் கச்சை அணிந்திருக்க வேண்டும்.

கடைசிப் படி பதிவு. மின்கட்டமைப்போடு இணையும் எந்த அமைப்பையும் உங்கள் பகுதி நகராட்சியிடமோ (டர்பனில் எதெக்வினி), அரசு மின்நிறுவனமான எஸ்காம் நேரடியாக மின்சாரம் தரும் இடங்களில் எஸ்காமிடமோ பதிவு செய்ய வேண்டும். இன்வெர்ட்டர், மின்கட்டமைப்போடு இணைவதற்கான என்ஆர்எஸ் 097-2-1 தரத்திற்கு உட்பட்டதா என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். வேலையை ஒப்படைக்கும்போது இணக்கச் சான்றிதழ், கம்பியிணைப்பு வரைபடம், பதிவு விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். பின்னாளில் அவர் காப்பீட்டுத் தொகை கோரினாலும் வீட்டை விற்றாலும் அந்தத் தாள்களைக் கேட்பார்கள்.