கற்பூரவல்லிச் சாறு: வாட்டிப் பிழிவது எப்படி?

இருமலுக்குக் கற்பூரவல்லிச் சாறு எடுக்கலாம் என்று முதல்முறை பச்சை இலையை அப்படியே இடித்துப் பிழிந்தேன். வழவழவென்று விழுதுதான் மிஞ்சியது, சாறு இறங்கவில்லை. இலையை வாட்டிப் பிழிய வேண்டும் என்பது அப்புறம்தான் பிடிபட்டது.

தடித்த, முற்றிய இலையாக 6 பறித்துக்கொள்ளுங்கள். இலை முழுக்க மெல்லிய ரோமம் இருப்பதால் தூசி நன்றாக ஒட்டியிருக்கும். இரு பக்கமும் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

இனி வாட்டுவது. நான் தடுமாறிய இடம் இதுதான். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, இலையின் காம்பை இடுக்கியால் பிடித்து, தீ படாமல் அனல் மட்டும் படும் உயரத்தில் காட்டுங்கள். சில நொடிக்கு ஒருமுறை திருப்புங்கள். விறைப்பாக நின்ற இலை துவண்டு, பச்சை நிறம் சற்றுக் கருத்ததும் எடுத்துவிட வேண்டும். ஓரம் கருகினால் சாற்றில் புகை வாடை ஏறிவிடும். வாசம் தரும் எண்ணெய் காற்றில் எளிதில் ஆவியாகக் கூடியது, அதனால் அதிக நேரம் வாட்டினாலும் நட்டம்தான். அந்த எண்ணெயில் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு வாசப் பொருள்களும் உண்டு. ஓமத்தின் வாசத்துக்கும் தைமால்தான் காரணம். கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்ற இன்னொரு பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

சூடு ஆறுவதற்குள் இலையைச் சுருட்டி, கையாலேயே பிழியுங்கள். மிக்ஸி வேண்டாம். நுரையும் நாரும் கலந்து, வடிகட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெரிய இலை என்றால் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சாறு கிடைக்கும். அரைத் தேக்கரண்டி தேன் கலந்து உடனே குடிக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இது போதும். தொண்டைக் கரகரப்புக்கும் சளிக்கும் காலங்காலமாக இப்படித்தான் கொடுத்து வருகிறார்கள்.

பின்சேர்க்கை: இண்டக்‌ஷன் அடுப்பில் தீ இல்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். காய்ந்த தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி, எண்ணெய் விடாமல் இலையைப் புரட்டி எடுத்தால் சரி.

கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்றும் கேள்வி வந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அந்த வயதில் சாற்றையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் நீடித்தாலோ, எந்த வயதானாலும், கைவைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.