ஏழு ராத்திரி ஐரோப்பா: வளர்ந்த பிள்ளைகளோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீசன் நேரத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் குன்னூர் சிம்ஸ் பூங்கா வாசலில் நின்றால் தெரியும். சமவெளியிலிருந்து விடியக்காலையில் கிளம்பிய வேன் ஒன்று வந்து நிற்கும். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா எல்லாவற்றையும் முடித்துவிட்டு வருகிறார்கள். பெரியவர்கள் இறங்குவார்கள். பின் சீட்டில் பதினைந்து வயதுப் பையன் காதில் ஹெட்போனோடு தூங்கிக்கொண்டிருப்பான். இந்தப் பிள்ளை நம் மலையைப் பார்க்கவே இல்லையே என்று எனக்கு மனசு கஷ்டப்படும். ஆனால் குன்னூரில் உட்கார்ந்து ஐரோப்பாவுக்குத் திட்டம் போட்டபோது, ஒன்பது நாளில் ஐந்து நாடு என்றுதான் நானும் முதலில் எழுதினேன். என் மகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது அந்த வேன் மாதிரியே இருக்கு” என்றாள். அவளுக்கு அப்போது பதினாறு, தம்பிக்குப் பதின்மூன்று. அன்றைக்கே தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம்.

பத்து நாள் லீவு என்றால் பத்து நாளும் ஐரோப்பாவில் இருப்போம் என்று கணக்குப் போடாதீர்கள். கோவையிலிருந்து அங்கே நேர் விமானம் கிடையாது. சென்னை, பெங்களூரு அல்லது வளைகுடா வழியாக மாறித்தான் போக வேண்டும். மலை இறங்குவது, காத்திருப்பது, திரும்பி வந்து மலை ஏறுவது எல்லாம் போகக் கையில் நிற்பது ஏழு ராத்திரி. ஐப்பசி அடைமழையில் கிளம்புகிறவர்கள் முந்தின நாளே மேட்டுப்பாளையம் இறங்கிவிடுங்கள். பர்லியார் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், விமானம் நமக்காக நிற்காது.

ஏழு ராத்திரிக்கு இரண்டு ஊர் போதும். ஒன்றில் நாலு, இன்னொன்றில் மூன்று. பாரிஸிலிருந்து சூரிக்குக்கு ரயிலில் சுமார் 4 மணி நேரம்தான், ஆனால் ஊர் மாறுவது ரயில் நேரம் மட்டுமல்ல. பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, புது ஊரில் மூன்று மணிக்குச் சாவி கிடைக்கும்வரை பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகளோடு வரும் சண்டை பாதி அந்த நேரத்தில்தான் வரும். போகும் விமானத்தைப் பாரிஸுக்கும் திரும்பும் விமானத்தைச் சூரிக்கிலிருந்தும் ஒரே டிக்கெட்டாகப் போடலாம், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் அலைச்சல் இல்லை. லண்டன் பக்கத்தில்தானே என்று அதையும் சேர்த்துவிடாதீர்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் பிரிட்டன் இல்லை. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம்.

விசாவில் பிள்ளைகளின் வயதுதான் பலருக்கும் இடிக்கும். 12 வயது நிறைந்துவிட்டால் ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கான 90 யூரோவேதான், பாதிக் கட்டணம் இல்லை. கைரேகையும் தர வேண்டும் என்பதால் பிள்ளைகளையும் விசா மையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பரீட்சை நாளில் அந்தத் தேதி விழாமல் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்கு அப்புறமும் அதில் 3 மாதம் மீதி இருக்க வேண்டும். பத்து வயதில் எடுத்த பாஸ்போர்ட் பதினைந்தில் முடிந்துபோவதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம். பதில் வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். விசா வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

அப்புறம், மலை. மலையில் வளர்ந்த பிள்ளைகளை மலைக்கே கூட்டிப்போவதில் தப்பில்லை, ஆனால் ஏன் போகிறோம் என்று யோசித்துவிட்டுப் போங்கள். சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் ஏறக்குறைய 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டி. பச்சைச் சரிவும் மூடுபனியும் நம் பிள்ளைகளுக்குப் புதுசில்லை. பனிமலைக்கென்று யுங்ஃபிராவ்யோக் போவதானால், 3,454 மீட்டரில் இருக்கும் அந்த ஸ்டேஷனுக்குச் சலுகை அட்டை இல்லாமல் பெரியவர் ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும். வாரங்களுக்கு முன்பே தேதி குறித்து வாங்கிவிட்டு மேகத்துக்குள் போய் நிற்பது பெரிய நஷ்டம். மூடுபனி நாளில் தொட்டபெட்டாவில் என்ன தெரியும் என்று நமக்குத் தெரியாதா? உச்சியின் நேரடிக் காட்சியை அன்றைக்குக் காலையில் போனிலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எங்கள் பையனுக்கு மலையைவிட ரயில்தான் பிடித்தது. லாட்டர்புரூனென் ஸ்டேஷனில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் பல்லாக ஓடும் இரும்பைக் குனிந்து பார்த்துவிட்டு, “கல்லாறுலேர்ந்து நம்ம ஊர் வரைக்கும் இருக்கே, அதேதான்” என்று கத்தினான். நம் நீலகிரி மலை ரயில் பாதையின் பல்சட்ட முறையை உருவாக்கிய ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ்காரர். நம் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. இதைச் சொன்னதும் அங்கேயே ஒரு மணி நேரம் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் திட்டத்தில் அந்த ஒரு மணி நேரம் காலியாக இருந்ததால்தான் அவனை விட முடிந்தது.

பெரிய பிள்ளைகள் சோம்பேறித்தனத்தால் தாமதமாக எழுவதில்லை. இந்த வயதில் தூக்கத்தைத் தரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. ஆனால் முதல் இரண்டு நாள் நேர வித்தியாசம் நமக்குச் சாதகம். கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே நள்ளிரவுக்குத் தூங்குகிற பிள்ளை அங்கே எட்டரைக்கே சாய்ந்து விடியுமுன் எழுந்துவிடும். காலையில் பார்க்க வேண்டியதை அந்த இரண்டு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பத்து மணிக்கு முன் எதுவும் வேண்டாம். ஜூனில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது, அவசரமே இல்லை.

ஊருக்கு ஒன்றாவது அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அதை நாம் மாற்றக் கூடாது. என் மகள் படம் வரைகிறவள், பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் வான்காவின் படங்களுக்கு முன்னால் நின்றவளை நாங்கள் கூப்பிடவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். 18 வயதுக்குக் கீழே இருந்தால் அங்கேயும் லூவ்ரிலும் நுழைவு இலவசம், பாஸ்போர்ட் மட்டும் காட்ட வேண்டும். ஓர்சேக்குத் திங்கள் விடுமுறை, லூவ்ருக்குச் செவ்வாய். ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டுக்கு ஆன்லைனில் மட்டும்தான் டிக்கெட், செவ்வாய்தோறும் ஆறு வாரத்துக்கு அப்புறமான தேதிகளைத் திறப்பார்கள். பள்ளியில் அந்த நாட்குறிப்பைப் படித்த பிள்ளை இருந்தால் இதை முதலில் குறித்து வையுங்கள்.

கனமான ஜாக்கெட் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். மே மாதப் பாரிஸுக்கு ஊட்டியில் போடும் ஸ்வெட்டரே போதும். ஜூலை, ஆகஸ்டில் ரோம் போகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும், குளிரில் வளர்ந்த நம் பிள்ளைகள் அந்த வெயிலில் துவண்டுபோவார்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் ஒரு வேளையாவது சோறு வடிக்கலாம். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோங்கள். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், பாலில் செய்ததையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பாலும் தயிரும் சனிக்கிழமை சாயங்காலமே வாங்கி வைத்துவிடுங்கள்.