புது பிக்கப்பின் நிஜ மைலேஜை நோட்டும் பேனாவும் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுசாக பிக்கப் (பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டி) வாங்கிய யாரைக் கேட்டாலும் முதல் மாதத்திலேயே இந்தப் புலம்பல் வந்துவிடும். கம்பெனி சொன்ன மைலேஜ் ஒன்று, டேஷ்போர்டு திரையில் தெரிவது இன்னொன்று, பங்கில் காசு கொடுக்கும்போது மனக்கணக்கில் வருவது மூன்றாவதாக ஒன்று. இதில் எதை நம்புவது? என்னைக் கேட்டால் மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வண்டியிலேயே கிடக்கட்டும், இரண்டு மாதத்தில் உங்கள் வண்டி, உங்கள் ரோடு, உங்கள் கால் மூன்றும் சேர்ந்து என்ன மைலேஜ் தருகிறது என்பது கையில் இருக்கும்.

வண்டி ஷோரூமிலிருந்து வந்து சில ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். எஞ்சின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்வரை மைலேஜ் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நோட்டில் எழுதுவதை இன்றே ஆரம்பிக்கலாம், முடிவுக்கு மட்டும் வரவேண்டாம்.

படி 1: கம்பெனி நம்பர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அது பொய் இல்லை, ஆனால் ரோட்டில் எடுத்த நம்பரும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் சக்கரத்தை நிறுத்தி, எந்த நொடியில் என்ன வேகம் என்று முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி ஓட்டி எடுப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி வேகமே மணிக்குச் சுமார் 77 கி.மீ.தான், உச்சம் 97-ஐத் தாண்டாது. இது மட்டும் போதவில்லை என்று 2008 மாடல் வண்டிகளிலிருந்து அதிவேகம், ஏசி, குளிர் இதற்கெல்லாம் தனிச் சோதனைகளையும் கணக்கில் சேர்த்தார்கள். ஐரோப்பாவில் 2017-இல் வந்த டபிள்யூஎல்டிபி சோதனை 131 கி.மீ. வேகம்வரை போகிறது, ஆனால் மொத்தமே 30 நிமிடம், 23 கி.மீ. சொச்சம், சராசரி வேகம் 46 சொச்சம்.

இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு எது தேவலை என்று பார்க்க இந்த நம்பர் ரொம்ப நல்லது. முதுகில் ஏணியும் பின்னால் பாதி லோடும் வைத்துக்கொண்டு எதிர்காற்றில் 115-இல் போகிற ஆளுக்கு அது ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை.

படி 2: ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க்

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தப் படிதான், இதை ஒழுங்காகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக வரும். டேங்கை நிரப்புங்கள். நாஸில் முதல் முறை ‘டக்’கென்று தானாக நிற்கும் இல்லையா, அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் அமுக்குவது பெட்ரோல் வண்டிக்கு நல்லதும் இல்லை, ஆவியைப் பிடித்து வைக்கிற கரி டப்பாவுக்குள் திரவமாகவே எரிபொருள் போய் அது கெட்டுப்போகும். நம் கணக்குக்கும் கெடுதல், ஏனென்றால் அடுத்த முறை எந்த அளவுவரை நிரப்பினோம் என்பதே தெரியாமல் போய்விடும். டீசலில் நுரை வரும், வேகமாக அடித்தால் டேங்க் நிறையும் முன்பே நாஸில் நின்றுவிடும், அதனால் மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள்.

நிரப்பியதும் ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். அளக்கிறோமே என்று காலை லேசாக்கி ஓட்டினால், வந்த நம்பர் உங்களுடையது இல்லை. டேங்க் கால்வாசிக்கு இறங்கியதும் முடிந்தவரை அதே பங்க், அதே பம்ப், வண்டி முன்பு நின்ற அதே பக்கம். பிக்கப் டேங்க் அகலமாகவும் பெரிதாகவும் இருக்கும், தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலே நிரம்பும் அளவு மாறிவிடும்.

இப்போது நோட்டில் தேதி, ட்ரிப் மீட்டர், அடித்த லிட்டர், திரை காட்டிய மைலேஜ், லோடு இருந்ததா என்று ஒரு வார்த்தை. இவ்வளவுதான். ட்ரிப் மீட்டர் 612 கி.மீ., அடித்தது 58.3 லிட்டர் என்று வையுங்கள். 612-ஐ 58.3-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 10.5.

ஏன் டேங்க் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும், 20 லிட்டர் போட்டே பார்த்துவிடலாமே என்று தோன்றும். நிரப்பும் அளவில் ஒரு லிட்டர் முன்பின் ஆவது சகஜம். 58.3 லிட்டரில் ஒரு லிட்டர் பிசகினால் விடை 10.3-இலிருந்து 10.7-க்குள் நிற்கும். 20 லிட்டரில் அதே ஒரு லிட்டர் பிசகினால் 10-ஆகவும் இருக்கலாம், 11-ஆகவும் இருக்கலாம். ஒரே வண்டி, ஒரே ஓட்டம், ஆனால் ஒருநாள் சந்தோஷம் ஒருநாள் துக்கம். நானும் முதலில் அரை டேங்க் அரை டேங்காக அளந்து, ஒரு வாரம் பெருமைப்பட்டு அடுத்த வாரம் சர்வீஸ் சென்டரில் போய்ச் சண்டை போடுகிற அளவுக்கு வந்தவன்தான், தப்பு என் பக்கம் என்று அப்புறம்தான் புரிந்தது.

குறைந்தது மூன்று டேங்க். ஐந்து என்றால் நல்லது. கடைசியில் மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும், தனித்தனி மைலேஜ்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. 300 கி.மீ. காலி வண்டியில் லிட்டருக்கு 10, இன்னொரு 300 கி.மீ. லோடோடு லிட்டருக்கு 6 என்றால் சராசரி 8 என்றுதான் வாய் சொல்லும். கணக்கு வேறு சொல்லும். முதலாவதுக்கு 30 லிட்டர், இரண்டாவதுக்கு 50, மொத்தம் 600 கி.மீ.க்கு 80 லிட்டர், ஆக 7.5.

படி 3: ஓடோமீட்டரையே சந்தேகப்படுங்கள்

டயர் மாற்றாதவர்கள் இதைச் சட்டென்று கடந்துவிடலாம். பிக்கப் வைத்திருப்பவர்கள் முதல் காரியமாகப் பெரிய டயர் போடுவார்கள், மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டது என்று இரண்டாவதாகக் கவலைப்படுவார்கள். அந்தக் கவலையில் ஒரு பங்கு வெறும் மீட்டர் கோளாறுதான்.

டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். 265/70 ஆர் 17 டயரின் விட்டம் கணக்குப்படி சுமார் 803 மி.மீ. அதை எடுத்துவிட்டு 285/70 ஆர் 17 போட்டால் 831 மி.மீ. ஆகிறது, அதாவது 3.5 சதவீதம் பெரிது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி முன்பைவிட அதிக தூரம் நகர்ந்திருக்கும், மீட்டருக்கோ பழைய சுற்றளவுதான் தெரியும். மீட்டர் 600 என்று காட்டும்போது நிஜத்தில் நீங்கள் 621 ஓடியிருப்பீர்கள். 58 லிட்டர் அடித்திருந்தால் மீட்டர்படி 10.3, நிஜத்தில் 10.7.

சரிபார்ப்பது சுலபம். வளைவு அதிகம் இல்லாத ரோட்டில் 50 கி.மீ. ஓட்டி, போனின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தோடும் ட்ரிப் மீட்டரோடும் ஒப்பிடுங்கள். வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, இனி ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரை அந்த விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். மீதிக் குறைவு நிஜமான குறைவு. கனமான டயர், முரட்டுப் பட்டைகள், அதோடு வண்டியைத் தூக்கியும் கட்டியிருந்தால் அடியில் புகும் காற்று, இதெல்லாம் சும்மா வராது.

படி 4: திரை எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று பிடியுங்கள்

டேஷ்போர்டு திரை டேங்கை அளப்பதில்லை. எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் எத்தனை முறை, எவ்வளவு நேரம் திறந்தது என்பதை வைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஆனால் ஒரு நல்ல குணம் உண்டு, பொய் சொன்னாலும் ஏறக்குறைய ஒரே அளவில் சொல்லும். நோட்டு 10.5 என்றும் திரை 11.2 என்றும் ஐந்து டேங்க்கும் ஒரே மாதிரி வந்தால், திரை சுமார் ஆறேழு சதவீதம் கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி அதைக் கழித்துக்கொண்டு சின்னச் சின்னச் சோதனைகளுக்குத் திரையையே நம்பலாம்.

படி 5: வேகத்தைச் சோதித்துப் பாருங்கள்

மைலேஜுக்கு என்று விற்கிற பொடி, திரவம், காந்தம் எதுவும் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு ஞாயிறு காலை இதைச் செய்யுங்கள். போக்குவரத்து குறைந்த, மேடு பள்ளம் இல்லாத 20 கி.மீ. ரோடு ஒன்றைப் பிடியுங்கள். முதலில் அரை மணி நேரமாவது ஓட்டி எல்லாம் சூடாகட்டும், எஞ்சின் மட்டும் இல்லை, கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஆயில்களும் சூடாகவேண்டும், அவற்றுக்கு எஞ்சினைவிட நேரம் பிடிக்கும். அப்புறம் வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை 90-இல் வைத்து, திரையின் சராசரியை அழித்துவிட்டு, அந்த 20 கி.மீ. போங்கள், திரும்பி வாருங்கள். இரண்டு பக்கமும் ஓட்டினால்தான் காற்றும் சரிவும் அடிபடும். அடுத்து அதே ரோடு, 110-இல். அந்த ரோட்டில் 110-க்கு அனுமதி இல்லை என்றால் 80-யும் 90-யும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் அப்போதும் தெரியும்.

பிக்கப் முகம் உயரமானது, நெட்டுக்குத்தானது. காரைவிடக் காற்று இதை அதிகம் பிடித்து இழுக்கும், அந்த இழுப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 90-இலிருந்து 110 போனால் வேகம் 22 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ 49 சதவீதம் கூடுகிறது. 90 கி.மீ. தூரத்தை 90-இல் போனால் ஒரு மணி நேரம், 110-இல் போனால் 49 நிமிடம். அந்த 11 நிமிடத்துக்கு எவ்வளவு எரிபொருள் கொடுத்தீர்கள் என்பதைத் திரை காட்டிவிடும். அவசரம் என்றால் கொடுங்கள், தப்பில்லை, தெரிந்து கொடுங்கள்.

படி 6: மைலேஜைத் தின்பது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்

ஒரு டேங்குக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டயரில் காற்றும் நிரப்பி, பின் தொட்டியில் கிடந்த சாமானும் இறக்கி, புது ரோட்டிலும் ஓட்டினால் எதனால் மாறியது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் குற்றவாளி குட்டி ஓட்டங்கள். மூன்று நான்கு கி.மீ. போய் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி மூன்று கி.மீ. என்று ஓட்டினால் எஞ்சின் சூடாகவே விடுவதில்லை. குளிர் நாடுகளில் இது இன்னும் மோசம். வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து மைனஸ் 7-க்கு இறங்கினால் நகர ஓட்டத்தில் பெட்ரோல் வண்டியின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் விழும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு, குட்டி ஓட்டமாக இருந்தால் 24 சதவீதம்வரைகூடப் போகும். இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடித்தால் அந்த டேங்கில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிடுவது அடுத்தது. எஞ்சின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் போகும், கி.மீ. பூஜ்யம். ஏசிக்காக உட்கார்ந்திருக்கும் ஆளாக இருந்தால் நோட்டில் அதையும் எழுதுங்கள்.

டயர் காற்று ரொம்பப் பேசப்படும் விஷயம், பலன் சிறியது. நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைந்தால் சுமார் 0.2 சதவீதம்தான். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும், மைலேஜ் கூடும் என்று ஒரு நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாக உருண்டுகொண்டு நிற்கும், மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போய்விடும். திறந்தால் அந்தச் சுழல் கலையும், பலன் ஒன்றும் இல்லை, சாமான் விழுவதுதான் மிச்சம்.

டிரெய்லர் இழுத்தால் தனிப் பக்கம் போடுங்கள். பெட்டி மாதிரி உயரமான டிரெய்லர் என்றால் மைலேஜ் பாதியாவதும் உண்டு, காரணம் எடையைவிடக் காற்று. காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் டிரைவ் போட்டு ஓட்டுபவர்கள் மைலேஜைப் பற்றி இப்போது கேட்க வேண்டாம், முதலில் அதை எடுத்துவிடுங்கள். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால் 3 சதவீதம்போல குறையும், எத்தனாலில் அவ்வளவுதான் சக்தி, வண்டியைத் திட்டிப் பயனில்லை.

படி 7: கால்

புது பிக்கப்களில் பெரிய எஞ்சினுக்குப் பதில் சின்ன டர்போ எஞ்சின் வைப்பது அதிகமாகிவிட்டது. மெதுவாக மிதித்தால் அது சின்ன எஞ்சின் மாதிரி குடிக்கும், ஏறி மிதித்தால் பெரிய எஞ்சின் மாதிரியே குடிக்கும். ஒரே வண்டி வைத்திருக்கும் இரண்டு பேர் வேறு வேறு மைலேஜ் சொல்லி, இருவருமே உண்மை சொல்வது இதனால்தான். முன்னால் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு கியரிலேயே உருளவிடுங்கள். அப்போது இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், எரிபொருள் போகாது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சினை ஓட வைக்க எரிபொருள் போகும், இறக்கத்தில் ஆபத்தும்கூட.

எப்போது மெக்கானிக்கிடம் போவது?

அதே ரோடு, அதே பருவம், அதே லோடு, இருந்தும் இரண்டு மூன்று டேங்க்காக 15 சதவீதம்போல இறங்கியிருந்தால் போகலாம். டீசல் என்றால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது கூடுதல் டீசல் எரிக்கும், அந்த ஒரு டேங்க் மட்டும் குறைவது இயல்பு, அடிக்கடி நடந்தால் இயல்பில்லை. எஞ்சின் சூடு முள் எப்போதும் கீழேயே நிற்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்புறம் பிரேக் அதிகம் பிடிக்காமல் இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தியதும் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் சக்கரம், எத்தனையாவது டேங்கிலிருந்து குறைந்தது என்று நோட்டைக் காட்டியே சொல்லுங்கள், ‘மைலேஜ் வரலைங்க’ என்று மொட்டையாகச் சொல்பவரைவிட உங்கள் வண்டியை அவர் சீக்கிரம் தூக்கிப் பார்ப்பார்.