திரையில் தூசி படிவதில்லை: காமிக்ஸ், அனிமே, கேம் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடித்த கதாபாத்திரத்தை நாம் முதலில் பார்ப்பது திரையிலோ தாளிலோதான். அங்கே கவசம் போட்டவருக்கு வியர்ப்பதில்லை. அலமாரியில் வெயில் விழுவதில்லை, தூசி படிவதில்லை. அந்தப் படத்தை நம் உடம்புக்கும் வீட்டுக்கும் கொண்டுவரும்போது வியர்வையும் வெயிலும் தூசியும் கூடவே வந்துவிடுகின்றன, சுற்றி நாலு பேரும் இருக்கிறார்கள். வேடம், உடை, வீடு, பழகும் விதம் என்று எதை எடுத்தாலும் ரசிகர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. பார்க்க எப்படி இருக்கும் என்று மட்டும் யோசிக்கிறோம்; அதோடு ஒரு முழுநாளைக் கழிப்பது எப்படி என்று யோசிப்பதில்லை.

வேடத்தை நின்றபடியே அளவு பார்ப்பது

1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்தி வந்தார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் டக்ளஸ்தான். ரசிகர்கள் வேடமிட்டு வரும் வழக்கத்துக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். அது துணி, உடம்போடு வளையும். இன்று காஸ்பிளே, அதாவது கதாபாத்திர வேடம், செய்பவர்கள் ஃபோமிலும் பிளாஸ்டிக்கிலும் கவசமே செய்கிறார்கள். அது வளையாது என்பதைக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது நாம் உணர்வதில்லை.

தோள்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் அதை மார்புக்கவசத்தோடு அசையாமல் ஒட்டிவிடுகிறார்கள். நிற்கும்போது பிரமாதமாக இருக்கும். கையைத் தூக்கினால் மொத்தக் கவசமும் மேலே ஏறித் தாடையில் இடிக்கும். நாலு முறை தூக்கினால் ஒட்டு விட்டுவிடும். தோள்கவசத்தை அகலமான எலாஸ்டிக் பட்டையில் கோத்து, ஒரு முனையை மார்புக்கவசத்தின் உள்பக்கம் தைத்து, மறுமுனையைப் புஜத்தைச் சுற்றிக் கட்டினால் கையோடு சேர்ந்து அதுவும் நகரும். வெளியே ஒன்றும் தெரியாது.

வேடம் முடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஒரு மணி நேரமாவது இருந்து பாருங்கள். உட்காருங்கள், படி ஏறுங்கள், கீழே விழுந்த போனைக் குனிந்து எடுங்கள், தண்ணீர் குடியுங்கள். அடுத்தவர் உதவியில்லாமல் கழிப்பறைக்குப் போக முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதில் எது முடியவில்லையோ அதை நிகழ்ச்சிக்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

ஹெல்மெட் போடுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மூச்சுக்காற்றின் ஈரம் வைசர் என்ற முகக்கண்ணாடியில் படிந்து கண்ணை மறைக்கும், உள்ளே சூடும் ஏறும். பின்பக்கம் தெரியாத இடத்தில் காற்றுத் துளை விட்டு, கம்ப்யூட்டருக்குப் போடுவது போன்ற சின்ன விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும். அப்படியும் பக்கவாட்டில் பார்வை கிடைக்காது. கூட ஒருவர் நடந்து வரட்டும். விசிறிக்கும் விளக்குக்கும் மின்சாரம் வேண்டும் என்று உறையில்லாத லித்தியம் பேட்டரியை உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொள்வது ஆபத்து. வியர்வை பட்டு ஷார்ட் ஆனால் கவசத்தைக் கழற்றவே நேரம் இருக்காது. பாதுகாப்புச் சுற்று உள்ள நல்ல பவர் பேங்க் போதும், சட்டென்று எட்டும் பையில் இருக்கட்டும்.

பசையும் பெயின்ட்டும்

ஃபோம் ஒட்டு பிரிந்துவிட்டால் பசை சரியில்லை என்கிறோம். பெரும்பாலும் தவறு அவசரத்தில்தான் இருக்கும். கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதற்குப் பிறகே சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் வளைவான இடங்களில் கட்டாயம் வாய் பிளக்கும்.

அந்தப் பசையின் ஆவி நுரையீரலுக்கும் மூளைக்கும் நல்லதல்ல. துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது, அவை துகளை மட்டுமே பிடிக்கும். கரிம ஆவிகளை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும், ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும். ஆவி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் பசை காயும் இடத்தில் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை எடுக்கவே கூடாது. பொழுதுபோக்குதானே என்று இதில் அசட்டையாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

ஃபோமுக்கு நேரடியாகப் பெயின்ட் அடிப்பது இன்னொரு தவறு. அது பஞ்சு போல் உறிஞ்சும், பிறகு மடியும் இடங்களில் விரிசல் விடும். முதலில் ஹீட் கன்னைச் சீராக ஓட்டினால் மேல்பரப்பு லேசாகப் பளபளக்கும். துளைகள் மூடிவிட்டன என்று அர்த்தம். அதற்கு மேல் வளையும் தன்மையுள்ள பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்கும் மேல் பெயின்ட். தெர்மாகோலில் செய்த பொருளுக்குச் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கண்ணெதிரே கரைந்துபோகும். சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியில் ஊற்றினால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். அதே க்ளூவின் ஆவி தெளிவான வைசரில் வெள்ளைப் படலமாகப் படியும்.

கண்ணும் தோலும்

வண்ண லென்ஸ் விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். பவர் இல்லாத அலங்கார லென்ஸ் என்றாலும் அது கருவிழி மேல் உட்காரும் பொருள். அளவு பொருந்தாவிட்டால் கருவிழி கீறும், கீறலில் தொற்று ஏறும், பார்வையே போகலாம். அமெரிக்காவில் 2005 முதல் அலங்கார லென்ஸையும் மருத்துவச் சாதனமாகவே சட்டம் கருதுகிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் கண் மருத்துவரிடம் அளவு பார்த்த பிறகே வாங்குங்கள். நண்பரோடு மாற்றிப் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியை அரிக்கும். மேக்கப்புக்கு முன்னால் லென்ஸைப் போடுங்கள், மேக்கப்பைக் கலைக்கும் முன்னால் லென்ஸைக் கழற்றுங்கள்.

வேறு இனத்துக் கதாபாத்திரமாக வேடமிட முகத்தில் கறுப்போ பழுப்போ பூசிக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். உடை, தலைமுடி, கையில் பிடிக்கும் பொருள் ஆகியவை போதும், பார்த்ததும் யாரென்று தெரிந்துவிடும். பூசிய நிறம் ஒரு மக்கள் கூட்டத்தைப் பல காலம் கேலி செய்யப் பயன்பட்டது. அந்த வலி இன்னும் ஆறவில்லை.

விக் வாங்கினால், அது சூட்டைத் தாங்கும் இழையா என்று பார்த்த பிறகே ஸ்ட்ரெய்ட்னரைத் தொடுங்கள். சாதாரண செயற்கை இழை உருகி ஒட்டிக்கொள்ளும். பிடரிப் பக்கம் உள்ளே இருக்கும் ஒரு சிறு கற்றையில் முதலில் சோதிக்கலாம்.

அன்றாட உடை

இதில் தவறு ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுவது. சின்னம் போட்ட டி-ஷர்ட், அதே கதையின் தொப்பி, அதே கதையின் பை என்று சேர்ந்தால் எதுவும் கண்ணில் நிற்காது. ஒன்று போதும், மற்றவை சாதாரணமாக இருக்கட்டும். சின்னமே வேண்டாம், நிறம் போதும் என்பது என் கட்சி. 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கேப்டனுக்குப் பொன்னிறம், விஞ்ஞானிக்கு நீலம், பொறியாளருக்கும் காவலருக்கும் சிவப்பு. 1987-இல் வந்த ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் பொன்னிறமும் சிவப்பும் இடம் மாறிவிட்டன. கறுப்போடு சேர்ந்த அந்தச் சிவப்பை அலுவலகத்துக்கு உடுத்திப் போனால் மற்றவர்களுக்கு அது நல்ல சட்டை. தெரிந்தவர் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து பேசுவார்.

அச்சிட்ட டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவையுங்கள். அச்சின் மேல் நேராக இஸ்திரி வைக்காதீர்கள்.

வீட்டில் வெயிலும் வெப்பமும்

சேகரிப்பை நல்ல வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு எதிரே வைப்பதுதான் வீட்டு அலங்காரத்தில் அதிகம் நடக்கும் தவறு. புறஊதா ஒளி பெயின்ட்டையும் போஸ்டரையும் வெளுக்கவைக்கும், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். சாம்பல் நிறப் பழைய கேம் கன்சோல்கள் பழுப்பேறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளுத்த நிறத்தை மீட்க வழியே கிடையாது.

ஃபிகர்கள், அதாவது கதாபாத்திரங்களின் சிறு பொம்மைகள், பிசுபிசுப்பது பலருக்குப் புரியாத புதிர். மென்மைக்காகப் பிவிசியில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மெல்ல வெளியே கசிவதுதான் அது. சூட்டிலும் காற்றோட்டமில்லாத இடத்திலும் இன்னும் அதிகமாகும். பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியிலேயே மூடி வைத்தவையும் அதனால்தான் ஒட்டுகின்றன. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மெல்லிய தூரிகையால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஆல்கஹாலோ அசிட்டோனோ தொட்டால் முகத்தின் பெயின்ட்டே போய்விடும்.

வெப்பத்தில் சாய்ந்துபோன ஃபிகரை அப்படியே வளைத்து நிமிர்த்தினால் கணுக்கால் ஒடியும். சூடான நீரில் அந்தக் காலை மட்டும் கொஞ்ச நேரம் வைத்து, இளகியதும் நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் அந்த நிலையிலேயே இறுகிவிடும்.

பேட்டரி போட்ட பொம்மையை அலமாரியில் ஏற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசியும் காரம் உள்ளே இருக்கும் தகடுகளைத் தின்றுவிடும்.

விளக்கு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஊதாவும் பச்சையும் மாறி மாறி எரியும் எல்இடி பட்டை அறையைப் போட்டோவில் அழகாகக் காட்டும், ஆனால் ஃபிகரின் உண்மையான நிறம் ஒன்றுகூடத் தெரியாது. யாரோ ஒருவர் பொறுமையாகத் தேர்ந்தெடுத்த நிறம் அது. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் உள்ள வெள்ளை எல்இடியை வாங்குங்கள். அதை மேல்தட்டின் நடுவில் ஒட்டினால் நெற்றிக்குக் கீழே நிழல் விழுந்து முகம் இருண்டுவிடும். தட்டின் முன்விளிம்புக்கு உள்பக்கம் ஒட்டி உள்நோக்கித் திருப்பினால் முகத்தில் ஒளி விழும், பட்டையும் வெளியே தெரியாது.

பழைய காமிக்ஸ் புத்தகங்கள் மட்டமான தாளில் அச்சானவை, தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் அவற்றைத் தானாகவே பழுப்பாக்கும். அமிலமில்லாத அட்டையோடு பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு நேராக நிறுத்துங்கள், சாய்த்து வைத்தால் முதுகு வளையும். போஸ்டரை டேப்பால் சுவரில் ஒட்டாதீர்கள். சட்டம் போட்டாலும் கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு இருக்கட்டும். ஈரம் பட்டால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

இருப்பதையெல்லாம் வெளியே வைக்க வேண்டியதில்லை. கொஞ்சம் வைத்து, மீதியை எடுத்துவைத்து, அவ்வப்போது மாற்றினால் ஒவ்வொன்றும் கண்ணில் படும். துடைப்பதும் சுலபம். உயரமான அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். வீட்டில் உங்களோடு வாழ்பவர்கள் இருந்தால் பொது அறையில் எதை வைக்கலாம் என்று அவர்களிடம் கேட்டு வையுங்கள்.

பழகும் விதம்

வேடமிட்டு வந்தவரைத் தொடுவதும், கேட்காமல் படமெடுப்பதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. 2014-இல் நியூயார்க் காமிக் கான் என்ற ரசிகர் மாநாட்டில் ‘காஸ்பிளே என்பது சம்மதம் அல்ல’ என்று பெரிய பலகைகளே வைத்தார்கள். கேளுங்கள், தலையசைத்த பிறகு எடுங்கள். இறக்கையையோ கவசத்தையோ தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் அதையும் கேளுங்கள். வாசலையோ நடைபாதையையோ அடைத்துக்கொண்டு படமெடுக்காதீர்கள். ‘இந்தக் கதாபாத்திரம் இவ்வளவு குண்டு இல்லையே’ என்ற பேச்சு எந்தச் சூழலிலும் தேவையற்றது.

வேடத்தில் நூல்பிசகாத துல்லியம் தேவைப்படும் இடங்கள் உண்டு. 1997-இல் தொடங்கிய 501-ஆவது லீஜன் என்ற ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர் அமைப்பு, உறுப்பினராக விரும்புபவரின் கவசத்தை விதிப்படி சரிபார்த்துத்தான் சேர்க்கும். அவர்கள் விரும்பி ஏற்ற விதி அது. அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு, அட்டைப்பெட்டியில் கவசம் செய்து வந்த சிறுவனிடம் குறை சொல்லக் கூடாது. டி-ஷர்ட் போட்ட ஒருவரை, அதிலும் பெண் என்றால், ‘அப்படியானால் மூன்று வில்லன்களின் பெயரைச் சொல்லு’ என்று பரீட்சை வைப்பதும் இதே ரகம்தான். புதிதாக வந்தவரை இது விரட்டிவிடும்.

கதையைப் பேசும் முன் ‘எது வரை பார்த்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தொடர் வெளியாகிப் பல வருடமானாலும் அவருக்கு அது புதிதாக இருக்கலாம்.

போர்டு கேமில் இன்னொன்று நடக்கும். 2008-இல் வந்த ‘பேன்டமிக்’ போல எல்லாரும் ஒரே அணியாக ஆடும் விளையாட்டுகளில், நன்றாகத் தெரிந்த ஒருவர் எல்லாருடைய நகர்த்தலையும் தானே சொல்லிக்கொண்டு போவார். அணி ஜெயிக்கலாம், மற்ற மூவரும் அவருக்காகக் காயை நகர்த்தியவர்கள் மட்டுமே. கேட்டால் சொல்லுங்கள், கேட்காதபோது தோற்க விடுங்கள். எண்ணெய்க் கையோடு அட்டையைத் தொடாதீர்கள்.

நாள் முழுக்க நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு ரசிகர்களிடையே 6-2-1 என்று ஒரு விதி உண்டு: ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல், இவை தினமும் கட்டாயம். ஃபோம் கவசத்துக்குள் வியர்த்தவரும் கூட்டத்தில் அவர் பக்கத்தில் நிற்பவரும் இதன் அருமையை நன்றாக அறிவார்கள். கவசத்தின் உள்பக்கத்தை அன்றிரவே துடைத்து உலரவிட்டால் மறுநாளும் போட முடியும்.

எடுத்த படங்களை வெளியிடும் முன் அவரிடம் எந்தப் பெயரைப் போட வேண்டும் என்று கேளுங்கள். பலர் காஸ்பிளேக்கென்று தனிப்பெயர் வைத்திருப்பார்கள், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது தெரியாமல் இருக்கலாம். குழந்தை என்றால் கூட வந்த பெரியவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே படத்தை அழித்துவிடுங்கள்.