மலைநாட்டில் வீடு விற்கிறீர்களா? வாசனைக்கு முன் வாடையைக் கவனியுங்கள்

வீட்டை விற்பது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் பெயின்ட் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். அப்புறம், ஆள் பார்க்க வருகிற அன்று காலையில் ஒரு ஸ்பிரே வாங்கிவந்து அறை அறையாக அடிக்கிறார்கள். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், டிக்கோயா, பண்டாரவளைப் பக்கம் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டவர்களின் வீட்டுச் சாவிகளை வைத்திருந்து, துப்புரவாக்கி, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவது என் தொழில். வாசலிலேயே ஸ்பிரே மணம் தூக்கலாக அடித்தால் வருகிறவர் விலையைக் கேட்பதில்லை. "மழைக்கு ஒழுகுமா அக்கா?" என்றுதான் கேட்கிறார்.

கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வீடு தேடி வருகிறவர் ஈரத்துக்குப் பயந்துகொண்டே வருகிறார். அவர் மூக்கு பூஞ்சண வாடையைத் தேடுகிறது. அதை ஸ்பிரேயால் மூடினால் இரண்டும் கலந்து மூன்றாவது ஒரு நாற்றம் வரும். ஆகவே வாசனை வேலையில் பெரும்பகுதி வாடையை எடுக்கிற வேலைதான்.

உங்கள் வீட்டு வாடை உங்களுக்குத் தெரியாது. எந்த வாடைக்கும் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். ராத்திரி கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். காலையில் உங்கள் வீட்டோடு அதிகம் புழங்காத ஒருவரைக் கூட்டிவந்து, வெளிக்காற்றில் கொஞ்சம் நிற்கவைத்துவிட்டுக் கதவைத் திறவுங்கள். முதல் நாலைந்து மூச்சில் அவர் சொல்வதுதான் கணக்கு. முகத்துக்காகப் பொய் சொல்லாத ஆளாக இருக்கவேண்டும். எனக்கு இதற்கு ஒரு மாமி இருக்கிறார். இஸ்தோப்பிலேயே (முன் திண்ணையில்) நின்று "பின் காம்பராவுல ஈரம் மணக்குதும்மா" என்பார், போய்ப் பார்த்தால் இருக்கும்.

பின் அறையில்தான் பெரும்பாலும் இருக்கும். இங்கே வீடுகள் மலையை வெட்டிக் கட்டியவை. பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடம்தான் விட்டிருப்பார்கள். அதில் மழைத் தண்ணீர் போகிற ஒரு கான் (சிறு வாய்க்கால்) ஓடும். அந்தக் கானில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரடியில் தேங்கி, உள்ளே ஊறி ஏறும். உள்பக்கம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளமாக எழும்பும். விரலால் அமுக்கினால் சரசரவென்று உதிரும். அந்தச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு எந்த வாசனைக்குச் செலவழித்தாலும் வீண். முதலில் கானை மண்வெட்டி போட்டு வாருங்கள், கூரைத் தண்ணீர் வடிகிற பீலியில் ஓட்டை இருந்தால் அடையுங்கள். உதிர்கிற பெயின்டைச் சுரண்டிவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். ஈரச் சுவர்மேல் புதுப் பெயின்ட் நிற்காது.

காய்வதற்குக் காலம் வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. அங்கே ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வீட்டைக் காட்டப் பாருங்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கம் தலைகீழ். ஜூன், ஜூலையில் மழை குறைந்து காய்ந்திருக்கும், வருடக் கடைசியில் மழை. நாளுக்குள்ளும் நேரம் உண்டு. காலை பத்துக்கு மேல் வெயில் ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து, பின்னேரம் பனி இறங்குமுன் சாத்துங்கள். காற்றோட்டம் என்று நினைத்து இருட்டும்வரை திறந்து வைத்தால் பனி ஈரம் மெத்தையிலும் திரையிலும் ஏறிக்கொள்ளும்.

பூஞ்சணம் கறுப்பாகப் பிடித்த ஓடு, சீமெந்துத் தரையைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, தேவைப்பட்டால் பிளீச் போடுங்கள். பிளீச்சோடு வினாகிரியைச் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். திரைச்சீலைகளைத் துவைத்து வெயிலில் போடுங்கள். பழைய பஞ்சு மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டில் பாத்ரூம் நாறினால் பயந்து பிளம்பரைக் கூப்பிடுமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தரைத் துவாரத்துக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கழிவுக் குழியின் வாயுவை மேலே வரவிடாமல் மறிக்கும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும், அவ்வளவுதான். சீலிங்கிலிருந்து மூத்திர நெடி வந்தால் மேலே மரநாய் குடியிருக்கலாம். வழியை அடைக்குமுன் குட்டி உள்ளே இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமாரிதான் எல்லோரும் மறக்கிற இடம். வீடு பார்க்க வருகிற பெண்கள் அதைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூச்சிழுப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பாச்சை உருண்டையை எடுத்து எறியுங்கள். வாய் அகன்ற கிண்ணத்தில் மலிவான தேயிலைத் தூளைப் பரப்பி, அலுமாரிக்குள் வைத்துச் சாத்துங்கள். தேயிலை அக்கம்பக்கத்து ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். பேக்டரியில் வேலை செய்தவர்களைக் கேட்டால், தேயிலைப் பக்கத்தில் மண்ணெண்ணெயோ சவர்க்காரமோ வைக்கவிடமாட்டார்கள் என்று சொல்வார்கள். சில நாளுக்கொரு முறை தூளை மாற்றி, பழையதை ரோஜாச் செடிக்குப் போடுங்கள்.

சரி, இப்போது வாசனை. ஒன்றே ஒன்று, அதுவும் மெலிதாக. 2013இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஸ்பாங்கன்பர்க் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் கடையொன்றில் சில நாள் தோடம்பழ (ஆரஞ்சு) மணம் மட்டும், சில நாள் தோடம்பழத்தோடு துளசி வகையும் கிரீன் டீயும் சேர்ந்த மணம், சில நாள் ஒன்றுமே இல்லை. தோடம்பழம் மட்டும் மணந்த நாட்களில் வந்தவர்கள் சராசரியாக 20 சதவீதம் அளவில் கூடுதலாகச் செலவழித்தார்கள். கலவைக்கு அந்தப் பலன் இல்லை. கடை வேறு, வீடு வேறுதான். ஆனாலும் மூக்கு தடுமாறாமல் இனங்காணுகிற மணமே நல்லது என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

என் கைக்கு வந்தது கறுவா, அதாவது இலவங்கப்பட்டை. சிறிய சட்டியில் தண்ணீர் வைத்து, ஒரு விரல் நீளப் பட்டை இரண்டை முறித்துப் போட்டு, ஆட்கள் வர அரைமணி நேரம் இருக்கும்போது மெல்லிய நெருப்பில் கொதிக்கவிடுவேன். நம் நாட்டுக் கறுவாவின் மணம் இனிப்பாக, மெல்லியதாக இருக்கும், அடிக்காது. அவர்கள் வருமுன் அடுப்பை அணைத்துச் சட்டியை மூடிவிடுவேன். வாசலில் ஒருதரம் தெரிந்து, அறைக்குள் போகும்போது மறந்துபோகிற அளவு போதும். கறுவா பிடிக்காவிட்டால் தோடம்பழத் தோலோ எலுமிச்சைப்புல்லோ போடலாம். எது போட்டாலும் தனியாகப் போடுங்கள்.

சிட்ரோனெல்லா எண்ணெயை முதல்நாள் தரை துடைக்கிற தண்ணீரில் சில துளி விடலாம். அன்றைக்கே விட்டால் ஹோட்டல் பாத்ரூம் ஞாபகம்தான் வரும். யூகலிப்டஸ் தைலம் வேண்டவே வேண்டாம், வீட்டில் யாரோ சுகமில்லாமல் படுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். சாம்பிராணி எனக்கு உயிர். வெள்ளிக்கிழமை தவறாமல் போடுகிறவள் நான். ஆனால் விற்கிற வீட்டில் முதல்நாள் மாலையோடு நிறுத்திக்கொள்வேன். வருகிறவர் எந்த மதமோ, யாருக்கு இழுப்போ தெரியாது. மேலும், அந்த மணத்தில் அது வேறொருவரின் வீடாகவே இருக்கும், அவர் தன்னை அங்கே வைத்துப் பார்க்கமாட்டார். மெழுகுவர்த்தியும் வேண்டாம், பூட்டி வைத்த வீட்டில் திரைக்குப் பக்கத்தில் நெருப்பு ஆபத்து. அன்று கருவாடு பொரிப்பதையும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

வந்தவர்களை உட்காரவைத்து இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுங்கள். கோப்பையிலிருந்து எழும் ஆவிக்கு நிகரான வாசனை எந்தக் கடையிலும் இல்லை.

ஒழுகுகிற வீட்டை ஒழுகவில்லை என்று சொல்ல வாசனையைத் துணைக்கு அழைக்காதீர்கள். எங்கே ஒழுகியது, என்ன செய்தீர்கள், எந்த மாதம் செய்தீர்கள் என்று நீங்களாகவே காட்டுங்கள். நான் பின்பக்கக் கானுக்கும் கூட்டிப்போய்க் காட்டுவேன். சுவர் விஷயத்தை மறைத்த வீட்டுக்கு விலை பேசும்போது, நம்பிக்கை போன இடத்தில் லட்சக்கணக்கில் குறைத்துக் கேட்பார்கள். சொல்லிவிட்ட வீட்டில் அந்தப் பேரம் வராது.

விருப்பம் இருந்தால் இரண்டாம் தரம் வருவார்கள், பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு, மழை நாளாகப் பார்த்து. அன்றைக்குக் கறுவாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், பின் அறை லைட்டைப் போடுங்கள், அவர்கள் ஆற அமர மோந்து பார்க்கட்டும்.